எட்டு விநாடியில் ஆறு மாடி

டமார்!

ஆறு மாடி ஆஸ்பத்திரி எட்டே விநாடியில் மடங்கி விழுந்தது.

கொலைகாரன் நான்தான். ஆயுதம், ஒரு விரல். கணினியில் என் ஃபைலுக்குப் பதில் பக்கத்து ஃபைலைத் தட்டிவிட்டேன்.

நல்லவேளை, விழுந்தது இடுப்பளவு மாதிரிக் கட்டடம்தான். நிஜ ஆஸ்பத்திரிக்கு நாளைக் காலைதான் தூண்களுக்கு கான்கிரீட் வார்ப்பு.

"கண்ணை வீட்லயே வெச்சிட்டு வந்தீங்களா தம்பி?" என்றார், மாதிரிகளை நிலநடுக்கம் போலக் குலுக்கும் ஆட்டமேடையை இயக்கும் அக்கா, கம்பிகளைப் பொறுக்கியபடி.

"நேத்து ஏழு நிலநடுக்கத்துக்கும் அசையலையேக்கா?"

"அது உங்க ஃபைலு. இதை நேத்து சாயங்காலம் யாரோ புதுசா போட்டிருக்காங்க."

என் பிழைப்பே இந்த ஃபைல்கள்தான். எந்த மண்ணில் எந்தக் கட்டடம் எவ்வளவு உதை வாங்கும் என்று காட்ட வரைபடத்தில் ஒரு கோடு உண்டு. எங்கோ, என்றோ நிலம் ஆடிய பதிவுகளை அங்கே பிடித்து, இங்கே விட்டு, அந்தக் கோட்டுக்குப் பொருத்துவேன். நிலநடுக்கத்துக்குத் தையல்காரன்.

இரண்டு ஃபைல்களின் கோடுகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தேன்.



புதியது ஆஸ்பத்திரி மனையின் மண் பரிசோதனை அறிக்கையோடு அச்சாகப் பொருந்தியது. முப்பது மீட்டர் ஆழத்துக்குச் சேறு. என்னுடையதில் கோடு பாதி உயரம்தான்... குறைவாக ஆடும் பாறைக்குரிய கோடு!

"எவனோ என் கோட்டை மாத்திட்டான்க்கா."

"எவனோன்னா? பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?"

இரண்டே பேருக்கு. எனக்கு... அப்புறம் முதலாளிக்கு.

முதலாளி என் மாமனார்.

ரத்தம் கொதித்தது. பொறியாளர் வாரியத்துக்கு மெயில் தட்டினேன். 'இருநூறு நோயாளிகளைக் கொல்லப் பார்த்தவன் யாராக இருந்தாலும் உரிமத்தைப் பிடுங்குங்கள்.'

அனுப்பிவிட்டு, மாமனார் அறைக் கதவை எட்டி உதைத்தேன்.

அது இழுக்கும் கதவு. நொண்டிக்கொண்டே நுழைந்தேன்.

"இருநூறு படுக்கை மாமா. உங்க பொண்ணே அங்கதான் நர்ஸா சேரப்போறா. எப்படி மாமா மனசு வந்துச்சு?"

"உக்காருங்க மாப்பிள்ளை."

"மாட்டேன்."

"தண்ணியாவது குடிங்க."

"விஷம் இருந்தா குடுங்க."

"வார்ப்பு வேண்டாம்னு காலையிலயே சொல்லிட்டேன். ஏழு பதிவையும் இந்தச் சேத்து மண்ணுக்கு நானே திரும்பப் பொருத்திட்டேன். தூணைப் பெருசாக்கிக்கலாம். இதை இத்தோட விடுங்க."

"விடுறதா? உரிமத்தைப் பிடுங்கச் சொல்லி வாரியத்துக்கே எழுதியாச்சு."

மாமனார் முகம் வெளுத்தது.

"அனுப்பிட்டீங்களா?"

"அனுப்பிட்டேன். பயமா இருக்கா?"

"ரொம்ப."

"இருக்கும்ல? சுத்தி வளைக்காம சொல்லுங்க. கோட்டை மாத்தினது யாரு?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். என்னை மகனைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"யாரும் மாத்தல மாப்பிள்ளை... அதுதான் பிரச்சினையே. போன வருஷம் மலைமேல காலேஜ் கட்டினோம்ல? அந்தப் பாறைக் கோட்டை நீங்க மாத்தவே இல்ல."