வயிற்றுக்குத் தெரிந்த குரல்

ஏழாவது பேறுத்துணையும் வந்து பேசிப் பார்த்தாயிற்று. பிள்ளையின் நாடியைக் காட்ட மிதுனாவின் வயிற்றில் ஒட்டியிருந்த கருச்செவி மறுபடியும் சிவப்பாகவே எரிந்தது. யார் வாயைத் திறந்தாலும் உள்ளே பிள்ளையின் நாடி எகிறியது.

"குரல் இதமாத்தானே இருந்துச்சு?" என்று மிதுனா அனுப்பினாள்.

பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த கணவன் கவின், "ரொம்ப இதம்" என்று பதில் அனுப்பினான்.

பெரம்பூரில் என்ன, ஊரிலேயே இப்போது வாயால் பேசுகிறவர்கள் குறைவு. காதுக்குப் பின்னால் பொருத்திய எண்ணமடல், நினைத்ததை நேரே அடுத்தவர் மனத்தில் சேர்த்துவிடும். தொண்டைக்கு வேலை மிச்சம். பிரசவ வலியில் மட்டும் அந்தத் தொடர்பு அறுந்துபோகும். அப்போது கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சை இழு, பயப்படாதே என்று வாய்விட்டுச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அதற்குத்தான் பேறுத்துணை. குரல் கேட்டுப் பிள்ளை இப்படி மிரண்டால் அன்றைக்கு ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

மிதுனாவுக்கு அழுகை முட்டியது. அந்த நேரம் பார்த்து யாரோ கதவை இடித்தார்கள்.

கீழ்வீட்டு ரெஜினா. இட்லி மாவு விற்கிறவள். எண்ணமடலே வேண்டாம் என்று இருக்கிறவள். பால்கனியில் நின்று இவர்களைத் திட்டாத நாள் கிடையாது.

"ஏம்மா, துணிய பிழிஞ்சு காயப்போட மாட்டியா? எம் பெட்ஷீட் மேல சொட்டுது பாரு. எத்தினி வாட்டி கத்துறது?"

கருச்செவி பச்சையானது. நாடி தூக்கத்துக்கு இறங்கியது.

கவினும் மிதுனாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த வீட்டில் பிள்ளை கேட்டு வளர்ந்தது இந்த ஒரு குரலைத்தான்.

"அக்கா, பிரசவத்துக்கு நீங்கதான் வரணும்" என்று கவின் வாயால் சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது.

பிரசவத்தன்று ரெஜினா நல்ல புடவை கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். "கண்ணு, மெதுவா மூச்சு வுடும்மா" என்று குழைந்தாள். நாடி தாறுமாறாக ஏறியது. நர்ஸின் முகம் மாறியது. எண்ணமடல் அறுந்துபோன மிதுனா, வருஷக்கணக்கில் பேசாத தொண்டையால் கத்தினாள்.

"திட்டுங்கக்கா."

 ரெஜினாவுக்குப் புரிந்தது. "ஒரு துணி பிழியத் துப்பில்ல, புள்ள பெக்க வந்துட்டா. முக்குடி."

நாடி அடங்கியது. பெண் குழந்தை நல்லபடியாக வெளியே வந்தது.

மார்பில் கிடத்தினார்கள். வலி அடங்கி எண்ணமடலும் திரும்பியிருந்தது. "வந்துட்டியா எங் கண்ணு" என்று மிதுனா அனுப்பினாள். பக்கத்தில் நின்ற கவினுக்குக் கண் கலங்கியது. பிள்ளை வீறிட்டது. அதன் காதுக்குப் பின்னால் எதுவும் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வயிற்றைத் தடவித் தடவி அத்தனை மாதமாக அவள் அனுப்பிய கொஞ்சல் எல்லாம் கவினுக்குத்தான் போயிருக்கிறது.

"நான்தான் அம்மா" என்று வாயால் சொன்னாள். அழுகை கூடியது.

வெளியே ரெஜினா, காப்பி ஆறிப்போய்விட்டதென்று கேண்டீன்காரரைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டுக் கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பியது.

மிதுனாவும் அந்தக் கதவைப் பார்த்தாள்.  பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பிள்ளையின் காதருகே குனிந்து, ரெஜினா மாதிரியே சொல்லிப் பார்த்தாள்.

"ஏம்மா, துணிய பிழிஞ்சு காயப்போட மாட்டியா?"