பத்தரை மணிக் குறிப்பு

வியாழக்கிழமை, பிற்பகல் 1.05.

சின்னசேலத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றின் பிரசவ வார்டில் பச்சையம்மாள் இறந்துபோனாள். வயது இருபத்திரண்டு. காலை ஒன்பதே காலுக்கு அவள் பெற்ற பெண் குழந்தை பக்கத்து அறையில் வீரிட்டுக்கொண்டிருந்தது.

2.00 மணிக்குக் கணவன் முனியன் கள்ளக்குறிச்சி ரத்த வங்கியிலிருந்து ஓடி வந்தான். கையில் தெர்மோகோல் பெட்டி, உள்ளே இரண்டு பை ரத்தம். கட்டிலில் முகம் வரை துணி போர்த்தியிருந்தது.

3.20. சப்-இன்ஸ்பெக்டர் பாரதி வந்தபோதும் அந்தப் பெட்டி அவன் மடியில்தான் இருந்தது.

"ரத்தம் வேணும்னு எத்தனை மணிக்குச் சொன்னாங்க?"

"மணி தெரியாதுங்க மேடம். போன்ல சார்ஜ் இல்ல. உச்சி வெயிலு. சீட்டு குடுத்தாங்க, அப்பவே ஓடினேன். காலையிலேர்ந்து ரத்தம் போய்க்கினே இருக்குதுன்னு கத்தினேங்க. அதுவரைக்கும் டாக்டரைக் கண்ணால பாக்கல."

டாக்டர் செழியன் பதற்றமில்லாமல் கேஸ் ஷீட்டை நீட்டினார். அதில் இருந்தது:

'10.30: மருத்துவர் பார்த்தார். அதிக ரத்தப்போக்கு. ஓ நெகட்டிவ் ரத்தம் இரண்டு யூனிட் உடனே கொண்டுவரக் கணவரிடம் சொல்லப்பட்டது.'

கீழே நர்ஸ் ஏஞ்சலினின் கையெழுத்து.

"பத்தரைக்குச் சொன்னேன். ரெண்டு மணிக்கு வந்து நிக்கிறான். நான் என்ன மேடம் பண்ணுவேன்? மலையில, கரியாலூருக்கு மேல ஏதோ ஊரு. கர்ப்பகாலக் கார்டைக்கூட எடுத்துட்டு வரல. ஒரு விவரமும் தெரியாமத்தான் கேஸையே எடுத்தேன்."

"திடீர்னு வலி கண்டுச்சிங்க. கார்டு வூட்லயே கீது" என்றான் முனியன். பிறகு கேட்டான்: "மேடம், நான் லேட்டா வந்ததாலதான் அவ செத்துட்டான்னு எழுதிருக்காங்களா?"

பாரதி நர்ஸைக் கூப்பிடச் சொன்னார்.

3.50. ஏஞ்சலின் வந்து நின்றாள். வேலையில் சேர்ந்து எட்டு மாதம்.

"உங்க எழுத்தா?"

"ஆமா மேடம்."

"பத்தரைக்கு எழுதினதா?"

"ஆமா."

"டாக்டர் வந்தாரா?"

அவள் பார்வை செழியனிடம் போய்த் திரும்பியது. "வந்தாரு."

4.10. பாரதி பின்புறமிருந்த லேப் அறைக்குப் போனார். பதிவேட்டில் பச்சையம்மாளின் பெயர் ஒரே ஒருமுறை இருந்தது. ரத்த வகைச் சோதனை. முடிவு கொடுத்த நேரம் 12.10.

4.25. பாரதி கேஸ் ஷீட்டையும் லேப் பதிவேட்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"டாக்டர், இந்தம்மாவுக்கு ஓ நெகட்டிவ்னு உங்க லேப் கண்டுபிடிச்சது பன்னெண்டு பத்துக்கு. ரத்த வகை எழுதின கார்டும் இல்ல, ஒரு விவரமும் தெரியாதுன்னு நீங்களே சொன்னீங்க. அப்போ பத்தரைக்கு எப்படி ஓ நெகட்டிவ் கேட்டீங்க?"

செழியன் பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் பத்தரைக்கு எழுதினது இல்ல. பன்னெண்டு பத்துக்குப் பிறகு எழுதினது. நீங்க வராத நேரத்தைத் தூக்கி இந்த ஆள் தலையில போட்டிருக்கீங்க."

"நர்ஸ் நேரத்தைத் தப்பா எழுதிருப்பா. அதுக்கு நானா பொறுப்பு?"

ஏஞ்சலின் நிமிர்ந்தாள்.

"தப்பா எழுதல சார். நீங்க சொன்ன நேரத்தைத்தான் எழுதினேன்."

அதற்குப் பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. பத்தரைக்கும் பதினொன்றுக்கும் பதினொன்றரைக்கும் போன் செய்திருக்கிறாள். அவர் தன்னுடைய இன்னொரு கிளினிக்கில் இருந்தார். வந்து சேரும்போது பன்னிரண்டு. அதன் பிறகுதான் சோதனை, சீட்டு, முனியனின் ஓட்டம். பச்சையம்மாள் இறந்ததும் பழைய ஷீட்டை வாங்கிக் கிழித்துவிட்டு, புதிய தாளைக் கொடுத்து அவரே ஒவ்வொரு வரியாகச் சொல்லியிருக்கிறார்.

"நீங்க ஏம்மா எழுதினீங்க?"

"என் சர்டிபிகேட் மொத்தமும் சார் பீரோவுல இருக்கு மேடம். பத்தாவது மார்க் ஷீட்லேர்ந்து நர்சிங் கவுன்சில் பதிவு வரைக்கும். எழுதலைன்னா எதுவும் கைக்கு வராதுன்னாரு. எங்கப்பா செங்கல் சூளையில வேலை செஞ்சு படிக்க வெச்சாரு."

பாரதி அழைத்ததும் ஒரு காவலர் உள்ளே வந்து செழியனின் அருகில் நின்றார். ஏஞ்சலின் வாக்குமூலம் எழுதத் தொடங்கினாள். மூன்று அழைப்புகள், கிழித்த ஷீட், பொய்க் குறிப்பு.

முனியன் எழுந்து அவளிடம் வந்தான். குரலில் கோபமில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"சிஸ்டர், டாக்டர் வரலைன்னு தெரிஞ்சதும் 108-க்கு ஒரு போன் போட்டிருக்கலாமே. கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரி அரை மணி நேரந்தானே?"

"கேஸை வெளிய அனுப்பாதேன்னு சார் சொன்னாரு." அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "ஆனா போட்டிருக்கலாம். அவரைக் கேக்காமலே போட்டிருக்கணும். போன் என் கையிலதான் இருந்துச்சு."

முனியன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

ஏஞ்சலின் மறுபடி பேனாவை எடுத்தாள். 108 பற்றி அவள் எழுதும் வரியைப் பாரதி படித்தார்.

"இதை நான் கேட்கலையேம்மா. எழுதினா உங்க பதிவே போயிடலாம்."

"தெரியும் மேடம்" என்று சொல்லிவிட்டு, அவள் அந்த வரியை முடித்துக் கையெழுத்துப் போட்டாள்.