நயோபியக் கூடு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீப்கே சோதனைக் கூடத்துக்குள் நுழைந்தபோது ஈ, காக்கைகூட இல்லை. ஹாம்பர்க்கின் நவம்பர் மூடுபனி கண்ணாடிக் கூரைமேல் படுத்துக் கிடந்தது. வழக்கப்படி சாவி, கைபேசி, கடிகாரம் எல்லாவற்றையும் தரையில் வரைந்திருந்த மஞ்சள் கோட்டுக்கு வெளியே இருந்த கூடையில் போட்டாள்.

கோட்டுக்கு உள்ளே, குழியில் நிற்கும் பெரிய உருளைக்குள்தான் நயோபியம் என்ற உலோகத்தால் ஆன அந்தக் கூடு. நுண்துகள்களை முடுக்கி விரட்டுகிற கூடு. ஹீலியம் விட்டு அதைக் குளிர வைக்கும்போது அதற்கொரு குணம் உண்டு. வெடுக்கென்று குளிர்ந்தால், சுற்றியுள்ள காந்தப்புலத்தை உதறித் தள்ளிவிடும். மெல்லக் குளிர்ந்தாலோ, இருப்பதை உள்ளேயே பிடித்துப் பூட்டிக்கொள்ளும். சூடேற்றினால்தான் விடும்.

அதனாலேயே அவள் கணவன் ஹென்னிங்கை யாரும் அந்தக் கோட்டைத் தாண்ட விட்டதில்லை. அவனுக்கும் இங்கேதான் வேலை. விபத்தில் நொறுங்கிய முழங்காலில், காந்தப்புலத்தைக் கலைக்கும் பழைய எஃகுத் தகடு. “உன் முட்டி வந்தாலே காந்த உணரியோட முள்ளு ஆடுது, அந்தப் பக்கம் போய்யா!” என்று விரட்டுவார்கள். போன வசந்தத்தில் இறந்துபோனான். வீட்டில் அவள் இன்னமும் இரண்டு தட்டு எடுக்கிறாள். ஒன்றைத் திரும்ப உள்ளே வைக்கிறாள்.

மேசைத் தொலைபேசியில், ஹீலியம் ஆலையிலிருந்து தோர்பன்.

“ஏம்மா, ஞாயித்துக்கிழமையும் உன் குரலைத்தான் கேக்கணும்னு என் தலையெழுத்தா?”

“வாயை மூடிட்டு வால்வைத் திற.”

குளிர் இறங்கியது. குழாய்கள் முனகின. ஈர இரும்பின் வாசனை எழுந்தது.

மஞ்சள் கோட்டருகே இருந்த காந்த உணரி துடித்தது.

பிறகு நடுவில் இருந்த உணரி.

பிறகு கூட்டை ஒட்டியிருந்த உணரி. ஒரு துடிப்பு அழுத்தமாக, அடுத்தது தயங்கி. காலை இழுத்து நடப்பதுபோல.

“வீப்கே, உள்ள யாரு? இங்க என் திரையில முள்ளு ஆடுது.”

“யாருமில்ல.”

“சரி, வேகமா விடட்டுமா?”

வேகமாக விட்டால் உலோகம் அவனை உதறிவிடும்.

“மெதுவா விடு,” என்று கிசுகிசுத்தாள்.

“மெதுவாவா? லூசா நீ? சோதனை நாசமாயிடும்!”

“விடுன்னா விடு.”

கூடு மெல்லக் குளிர்ந்தது, பிடித்துக்கொண்டது. முள் அசையாமல் நின்றது. வீப்கே உருளைமேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு சிரித்தாள்.

உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள்.

மறுபடியும். மெதுவாக அல்ல. வெளியே விடச் சொல்லி இரு கைகளாலும் அடிக்கிற அடி.

எந்தக் குளிரும் எட்டாத குளிரில், இருட்டில், அவனைப் பூட்டிவிட்டாளே! மேசைத் தொலைபேசிக்கு ஓடினாள்.

“தோர்பன்! சூடேத்து! கொஞ்சம் ஏறினாலே போதும். அப்புறம் வேகமா குளிர வை.”

“இப்பத்தானே மெதுவான்னே?”

“உனக்குப் புண்ணியமாப் போகும், கேள்வி கேக்காதே.”

சூடு ஏற ஏற, தட்டல் ஓய்ந்தது. இம்முறை கூடு வெடுக்கென்று குளிர்ந்தது. கோட்டருகே இருந்த உணரி ஒருமுறை துள்ளி அடங்கியது. அவ்வளவுதான்.

“அடேயப்பா! காந்தமே ஒட்டாம, இவ்வளவு சுத்தமா எந்தக் கூடும் வந்ததில்ல. என்ன பண்ணே?”

“விட்டுட்டேன்,” என்றாள்.

வண்டி நிறுத்துமிடத்தில் அவள் கார் மட்டும் நின்றது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறி, வண்டியைக் கிளப்பினாள்.

மணி அடித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சீட் பெல்ட் போடவில்லையாம்.

பக்கத்தில் யாரும் இல்லை.

மணி நிற்கவில்லை. கையை நீட்டி, அந்தப் பெல்ட்டை இழுத்து மாட்டினாள்.

மணி நின்றது.

பெல்ட் இருக்கையில் படியவில்லை. நடுவில், எதன்மேலோ அழுந்தி நின்றது.