நான்காவது கணினி

மின்கம்பியைப் பிடுங்கி அறுபத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. அந்தக் கணினி இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

நிவேதிதா திரையை மறுபடி பார்த்தாள். பகுதிநேரப் படிப்புக்கான ஆய்வு அது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றையும் புதிதாக நிறுவி, ஒவ்வொன்றின் போர்ட்டுகளையும், அதாவது வெளியிலிருந்து உள்ளே நுழையும் வாசல்களையும், ஸ்கேன் செய்து வரிசையாகத் தட்டி, எது அதிக வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது என்று ஒப்பிட வேண்டும். மூன்று கணினிகளும் அவள் மேசைமேல் இருந்தன. திரையில் நான்கு இருந்தன. நான்காவதில் ஒரே ஒரு போர்ட் திறந்திருந்தது.

அது பக்கத்து அறையிலிருந்த பழைய விண்டோஸ். சேக் தாவூது அங்கிளுடையது. கப்பல் பட்டறையில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவர். படுக்கையில் விழுந்த பிறகு, கடையில் விற்கும் அழைப்பு மணி எதுவும் பிடிக்காமல் தாமே ஒன்று செய்துகொண்டார். கட்டிலோரத்துச் சிவப்புப் பொத்தானை அமுக்கினால், அந்தக் கணினி வழியாகச் சமையலறைப் பெட்டியில் மணி அடிக்கும். "உங்க யூனிவர்சிட்டில இது இருக்கா லா?" என்று அவளைச் சீண்டுவார். வாடகைக்கு வந்த பெண்ணிடம் அந்த வீட்டில் முதலில் சிரித்துப் பேசியவர் அவர்தான்.

மூன்று நாளுக்கு முந்தைய இரவு, ஒப்பீட்டுக்குப் பழைய கணினி ஒன்றும் இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது. கேட்காமலே அதையும் தட்டினாள். விடியும்போது அவர் மூச்சு நின்றிருந்தது. அவர் மனைவி ஆஸ்மா ஆன்ட்டி அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டு அழுதபோது, நிவேதிதா காலால் அந்தப் பழைய கணினியின் மின்கம்பியை இழுத்துப் பிடுங்கினாள்.

இன்று, இறந்தவருக்காக ஓதும் மூன்றாம் நாள் பாத்திஹா. வந்தவர்கள் நெய்ச்சோற்றுப் பொட்டலங்களோடு போய்விட்டார்கள். தோ பாயோ அடுக்குமாடி புளோக்கின் நீண்ட நடைவழியில் செருப்புச் சத்தங்கள் ஒவ்வொன்றாக அடங்கி, லிஃப்ட் கதவு மூடி, மழை மட்டும் மிஞ்சியது. தேக்கா சந்தையில் வாங்கிய சாம்பிராணியின் புகையும் கோடாலித் தைலமும் பல மாதப் படுக்கையின் புளித்த வாடையும் கலந்து, அவள் அறைக்கதவின் அடியில் நுழைந்துகொண்டிருந்தன.

ஆன்ட்டி வந்தவர்கள் எல்லாரிடமும் ஒரே பேச்சைத்தான் பேசினார். அங்கிள் பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்திருப்பார், அசந்து தூங்கிய தன் காதில்தான் மணி விழவில்லை என்று. ஆன்ட்டிக்குச் சோறு இறங்கவில்லை. மத்தியானம் அவர் தன் காதில் தானே அறைந்துகொண்டதை நிவேதிதா பார்த்தாள். பார்த்துவிட்டு, தம்ளர்களைக் கழுவினாள்.

இப்போது எழுந்து பக்கத்து அறைக்குப் போனாள். திரை கறுப்பாக இருந்தது. கம்பி அவள் விட்ட இடத்திலேயே தரையில் கிடந்தது. விரிப்பு எடுத்த மெத்தையில், அவர் கிடந்து கிடந்து விழுந்த பள்ளம்.

திரும்பி வந்து மறுபடி தட்டினாள்.

நான்காவதில் அதே போர்ட். விண்டோஸிலும் அதே. லினக்ஸில். மேக்கில்.

அவள் எதையும் திறக்கவில்லை.

ஒப்பிட ஒன்றுமில்லை. எல்லாம் ஒன்றுபோல்.

சமையலறையில் மணி அடித்தது.

"வந்துட்டேங்க," என்றார் ஆன்ட்டி. பழக்கத்தில் வந்த குரல். ஈரக் கால்கள் கூடத்தைக் கடந்து ஓடின. நிவேதிதா பின்னாலேயே போனாள். அங்கிளின் அறை வாசலில் நின்றாள்.

கட்டில் காலியாக இருந்தது. மணி நிற்கவில்லை. கட்டிலோரத்தில் சிவப்புப் பொத்தான் அடிவரை அமுங்கியிருந்தது. அதன்மேல் ஒன்றுமில்லை.

ஆன்ட்டி அதைப் பார்க்கவில்லை. மணிச்சத்தத்தை மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"இவ்ளோ சத்தமா அடிக்குது. இது காதுல விழாமலா தூங்கினேன், நிவே?"

தலையாட்டிவிட்டால் போதும். ஆன்ட்டி அதையும் நம்பிவிடுவார். சாகும்வரை நம்புவார்.

"அன்னிக்கு அடிக்கவே இல்ல ஆன்ட்டி," என்றாள். "நான் ஸ்கேன் பண்ணதுல அந்தக் கம்ப்யூட்டர் ஹேங் ஆயிருச்சு. ஆனத அப்பவே பாத்தேன். சொன்னா திட்டுவீங்கன்னு… காலையில பாத்துக்கலாம்னு போய்ப் படுத்துட்டேன்."

மணி நின்றது.

பொத்தான் மெல்ல மேலே எழுந்தது, விரலை எடுத்ததுபோல. மெத்தையின் நடுவில் இருந்த பள்ளம் நிரம்பிச் சமமானது. ஓரத்தில், அவள் நின்ற வாசலைப் பார்த்த பக்கத்தில், யாரோ எழுந்து உட்கார்ந்ததுபோல, புதிதாக ஒரு பள்ளம் விழுந்தது.