பன்னிரண்டு ஆரோக்கியமான வாய்கள்

மனித வாயின் வரலாற்றை இரண்டாகப் பிரிக்கலாம்: பேராசிரியரின் ஆய்வுக் கட்டுரைக்கு முன், அதற்குப் பின். மூன்று மாநாடுகளில் மேடையேறி இதைச் சொன்னவர் பேராசிரியரேதான். அப்பேர்ப்பட்டவர் வாயில், அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, டீ இனிக்கவில்லை.

"சர்க்கரை போட மறந்துட்டியா?"

"மூணு ஸ்பூன் போட்டிருக்கேன்," என்றாள் மனைவி. "நேத்தும் இதேதான் கேட்டீங்க. இனிமே டீயில சர்க்கரை போடறதா, சர்க்கரையில டீ ஊத்தறதான்னு நீங்களே சொல்லிடுங்க."

இன்னொரு மடக்கு குடித்தார். உதட்டில் இனிப்பு இருந்தது. பல்லைத் தாண்டும்போதும் இருந்தது. நாக்கின் நடுவில் எங்கோ, யாரோ கைநீட்டி வாங்கிக்கொண்டதுபோல, அது காணாமல் போனது. தொண்டைக்கு வந்து சேர்ந்தது வெறும் சுடுதண்ணீரும் ஒரு புளிப்பும்தான். அந்தப் புளிப்புக்கு அடியில், வற்றிய குளத்துச் சேற்றின் வாடை.

"பக்கத்துல வந்தாலே ஒரு மாதிரி வாடை அடிக்குதுங்க. டாக்டர்கிட்டக் காட்டக்கூடாதா?"

"நானே டாக்டர்தான்."

"நீங்க மீனுக்கு டாக்டர்."

உண்மை என்பதால் சுருக்கென்றது. இருபது வருடம் அவர் ஆற்றுமீன், குளத்துமீன்களின் ஒட்டுண்ணிகளை ஆராய்ந்தவர். அவற்றில் ஒன்றோடு தனிச் சிநேகம். அது ஒரு பேன். செவுள் வழியாக மீனின் வாய்க்குள் நுழையும்; நாக்கைக் கவ்வி இரத்தத்தை உறிஞ்சும்; நாக்கு சுருங்கி இல்லாமல் போனதும் அந்த இடத்தில் தானே நாக்காக உட்கார்ந்துகொள்ளும். மீனுக்கு வித்தியாசம் தெரியாது. அதை வைத்தே இரை தின்று காலத்தை ஓட்டும். பல்கலைக்கழகத் தாழ்வாரத்தில் அவருக்குப் 'பேன் சார்' என்று பெயர்.

வாய்ப் புற்றுநோய்க்கென்று வளாகத்தில் புதுக் கட்டடம் எழும்பியதும், பேன் சார் மீன் ஜாடிகளைத் தூக்கிக்கொண்டு அங்கே குடிபோனார். புற்றுச் செல்லும் பேனும் ஒரே ரகம் என்று கண்டுபிடித்தார். உடம்புக்கு வரும் சர்க்கரையை முதல் ஆளாக விழுங்கிவிட்டு அமிலத்தைக் கக்கும் அந்த வளர்சிதை மாற்றத்தைப் பற்றிப் பேசும்போது, "விருந்தாளியா வந்தவன் வீட்டுக்காரனா மாறிடறான்!" என்று மேடையில் மேஜையைத் தட்டுவார். கைதட்டல் கிடைக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமான பன்னிரண்டு வாய்கள் தேவைப்பட்டன. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். ஆனால் இவ்வளவு பெரிய மனிதர் தாழ்வாரத்தில் நின்று, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கொஞ்சம் நாக்கை நீட்டுங்கள் என்று கெஞ்சுவதா? கழிவறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். கண்ணாடி முன் நின்று, சிறு தூரிகையால் தன் நாக்கையே சுரண்டி, பன்னிரண்டு குழாய்களில் போட்டு எடுத்து வந்தார். வயது இருபத்தெட்டு முதல் அறுபத்தொன்று வரை. ஐந்து பேர் பெண்கள். சம்மதப் படிவங்களில் பன்னிரண்டு விதமான கையெழுத்துகள்.

ஒருவருடைய தொலைபேசி எண்ணாவது வேண்டும் என்றது ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிக்குழு. ஏழாம் எண்ணுக்கு மட்டும் தன் பழைய போனின் எண்ணைக் கொடுத்தார். மற்ற பதினோரு பேரிடமும் போனே கிடையாது. ஏழாம் எண், முப்பத்துநான்கு வயதுப் பெண். நம்பும்படி இருக்கட்டும் என்று அவளுக்கு ஒரு கைக்குழந்தையும் கொடுத்திருந்தார். அந்தப் போன் அவர் மேஜை இழுப்பறையில் சார்ஜ் ஏறியபடி இரண்டு வருடமாகப் படுத்திருந்தது. ஒருமுறைகூட ஒலித்ததில்லை.

போன வாரம், அதே பன்னிரண்டு பேரிடம் மறுபடி சோதித்துக் காட்டுங்கள் என்று ஆய்விதழிலிருந்து எழுதினார்கள். பன்னிரண்டு பேரும் தவறாமல் வந்தார்கள்.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. ஆய்வகத்தின் ஜன்னல்களில் தண்ணீர் வழிய, குளிர்பெட்டிகளின் ஒரே சீரான முனகலும், ஈரமான செருப்புகளின் வாசனையும், எங்கிருந்தோ கிளம்பி எல்லாவற்றின் மேலும் படிந்துவிட்ட மீன்வாடையும் சேர்ந்து, அந்த வெள்ளை அறை மெல்ல மெல்ல ஒரு குளத்தின் அடிப்பாகம்போல ஆகிக்கொண்டிருந்தது.

"சார், கொஞ்சம் வாங்களேன்."

கூப்பிட்டவள் ஆய்வக உதவியாளர். பதினோரு வருடமாக அவரிடம் இருப்பவள். அவள் குழாய்களை வெளிச்சத்துக்கு நேராக வைத்திருந்தாள். செல்கள் வளரும் திரவம் சிவப்பு. செல்கள் சர்க்கரையைத் தின்று அமிலம் கக்கினால் மஞ்சளாகும். நோயாளிகளின் குழாய்கள் வெளிர்மஞ்சளாக இருந்தன. சிவப்பாகவே இருந்திருக்க வேண்டிய பன்னிரண்டும் முட்டைக்கரு நிறத்தில் இருந்தன.

"பன்னிரண்டுமா?"

"பன்னிரண்டு பேரும் சார். நோயாளிங்களைவிட மோசம். இன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினா பொழைச்சுப்பாங்க. விட்டுட்டா நாக்கையே எடுக்கணும், அப்புறம்..." அவள் கண் கலங்கியது. "ஏழாம் நம்பருக்குக் கைக்குழந்தை இருக்கு சார்."

அது நான்தான். இரண்டே சொற்கள். தொண்டைவரை வந்துவிட்டன. சொன்னால் சாயங்காலத்துக்குள் மருத்துவமனைக் கட்டில். சொன்னால் கட்டுரை போகும், மேடை போகும். பேன் சார் என்ற பெயர்கூட மிஞ்சாது.

"லேபிள் மாறியிருக்கும்," என்றார்.

"லேபிள் நான் ஒட்டினது சார்."

"அதைத்தான் சொல்றேன்."

அவள் முகம் சிறுத்துப்போனது. "பதினோரு வருஷத்துல ஒரு தடவை மாத்தி ஒட்டியிருக்கேனா சார்?"

"மனுஷங்கதானேம்மா, கை தவறும். ஒரு விளக்கக் கடிதம் எழுதிக் குடுத்துடு. நான் பெருசு பண்ண மாட்டேன்."

தன் பெருந்தன்மை தனக்கே கேட்டது. காது மடல்கள் எரிந்தன. அவளைப் பார்க்க முடியாமல், ஏழாம் குழாயை எடுத்துக்கொண்டு பக்கத்திலிருந்த தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டு அறைகளுக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

குழாயின் மூடியைத் திறந்தார். சேறு. அழுகிய பாசி. மீன் காலத்து நுண்ணோக்கி மேஜையிலேயே இருந்தது. ஒரு சொட்டு வைத்துக் குனிந்தார். செல்கள் கும்பல் கும்பலாக மிதந்தன. அவற்றுக்கு நடுவே, உதிர்ந்த நகத்தைப்போல வெளுத்து, நுனி கொக்கியாக வளைந்த ஒரு கால்.

அந்தக் காலை அவருக்குத் தெரியும். ஒரு பக்கத்துக்கு ஏழு. தன் பிள்ளைகளின் பிறந்தநாளைவிட நன்றாகத் தெரியும்.

மீனில்தானே. மனிதனில் கிடையாது. எங்கும் கிடையாது. அவரே எழுதியிருக்கிறார்.

காகிதத்தில் குத்தியிருந்த குண்டூசியைப் பிடுங்கி நாக்கில் வைத்து அழுத்தினார். வலிக்கவில்லை. இன்னும் அழுத்தினார். வலிக்கவில்லை. ஆனால் வாய்க்குள் ஏதோ பின்வாங்கியது. அவர் இழுக்காமலேயே.

டீக்கென்று டப்பாவில் வைத்திருந்த சர்க்கரையில் ஒரு சிட்டிகை எடுத்தார். உதட்டருகே கொண்டுபோனார்.

அது முன்னால் வந்தது.

அப்போது தடுப்புக்கு அப்பால் அவள் தனக்குத்தானே பேசிக்கொண்டாள். "கடிதம் எங்க போயிடப் போகுது. முதல்ல அந்தப் பொண்ணுக்குச் சொல்லணும்."

காகிதங்கள் புரளும் சத்தம். பொத்தான்கள் அமுங்கும் சத்தம்.

இழுப்பறை ஒலித்தது.

பாய்ந்து திறந்தார். அணைத்துவிடலாம். ஆனால் அவள் மறுபடி அழைப்பாள், மறுபடி ஒலிக்கும், மூன்றாவது முறை கதவைத் திறந்துகொண்டு வருவாள். சொல்லிவிடலாம். முகத்தைப் பார்க்காமல், போனில் என்றால், ஒருவேளை சொல்லிவிடலாம். நான்தான்மா. என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. போனைக் காதில் வைத்தார். வாயைத் திறந்தார்.

"ஹலோ?"

பெண் குரல். இளம் குரல். தூக்கம் கெட்ட குரல். அது அவர் வாயிலிருந்து வந்தது.

"ஏழாம் நம்பர்... மன்னிச்சுக்கோங்கம்மா, உங்க பேரு படிவத்துல இல்ல. ஆராய்ச்சிக்கு நாக்குல சாம்பிள் குடுத்தீங்கல்ல?" தடுப்புக்கு அப்பாலும் காதுக்குள்ளுமாக அவள் இரண்டு முறை கேட்டாள். "உடம்பு நல்லா இருக்கா? வாயில புண்ணு கிண்ணு ஏதாவது?"

"நல்லா இருக்கேன்க்கா. பசிதான் தாங்கல." தொண்டைக்குள், ஆழத்தில் எங்கோ, ஒரு குழந்தை சிணுங்கியது. "சார் பாவம், நல்லவரு. காலையிலகூட டீ குடுத்தாரு. மூணு ஸ்பூன் சர்க்கரை."

அவர் உதடுகள் அசையவில்லை. எதிரே கண்ணாடி அலமாரி. உள்ளே வரிசையாக ஜாடிகள். ஜாடிகளில் வாய் பிளந்த மீன்கள். அவற்றின் மேல் அவருடைய முகம், அதேபோல வாய் பிளந்து. பிளந்த வாய்க்குள் வெளுத்த ஒன்று முன்பக்கத்தை மெல்லத் தூக்கியது. இரண்டு கரும்புள்ளிகள். அவை போனைப் பார்த்தன. பிறகு அவரைப் பார்த்தன.

கத்த வேண்டும். அது நான்தான் என்று கத்த வேண்டும். அதற்கு நாக்கு வேண்டும்.

"அப்பாடா," என்றாள் அந்தப் பக்கம், அழுகையும் சிரிப்புமாக. "அப்ப என் கைதான் தவறியிருக்கு. சார் சரியாத்தான் சொல்லியிருக்காரு. குழந்தையைப் பாத்துக்கோங்கம்மா."

"சரிக்கா," என்றது அது.

அழைப்பு நின்றது. மழை நின்றிருந்தது. தடுப்புக்கு அப்பால், ஒரு தாளைக் கிழித்தெடுத்து, உதவியாளர் விளக்கக் கடிதம் எழுதத் தொடங்கிய பேனாச் சத்தம் கேட்டது. அவள் எதிரில் ஏழாம் எண்ணின் சம்மதப் படிவம் திறந்தபடி கிடந்தது. அதிலிருந்த கையெழுத்து, பேராசிரியர் இடது கையால் போட்டது.