கமர்கட் இல்லாமல் வழி இல்லை

உத்திரமேரூர்ப் பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் அம்முலுவுக்குக் கிடைத்தது ஊமை வேஷம். இதில் கொடுமை என்னவென்றால், "நான் மைக்குல பேசப்போறேன்" என்று அம்மா பவளத்திடம் அவள் முன்பே அளந்துவிட்டிருந்தாள்.

நாடகத்தின் பெயர் 'கல்லீரலில் கள்வன்'. எழுதியவர் ஞானசுந்தரி டீச்சர். புற்றுநோய் எப்படிப் பரவுகிறது என்று காட்டும் நாடகம்.

"புத்தா? அப்போ பாலும் முட்டையும் எடுத்துக்கினு வரட்டா?" என்று கேட்டாள் பவளம்.

"ஐயோ அம்மா, அது பாம்புப் புத்து! இது நோவு!"

ஒத்திகையில் டீச்சர் விளக்கினார். "கல்லீரல்ல கெட்ட செல் ஒண்ணு மொளைக்குது. சுத்திலும் தாங்கிப் பிடிக்கிற செல்லுங்க இருக்கு. கெட்ட செல் அதுங்களை நைசாத் தன் பக்கம் இழுத்துக்கும். அதுங்களே வழி விட்டுடும். நோய் பரவிடும்."

அம்முலுவும் இன்னும் நான்கு பிள்ளைகளும் தாங்கும் செல்கள். கை கோர்த்து வட்டமாக நிற்க வேண்டும். நடுவில் நிற்கும் கெட்ட செல் கமர்கட் மிட்டாய் நீட்டியதும் கையை விட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"டீச்சர், நான் ஒரே ஒரு வார்த்தை பேசட்டா?"

"செல் எங்கயாவது பேசுமா?"

"இருசப்பன் மட்டும் பேசுறானே!"

"அவன் கெட்ட செல்லு."

இருசப்பன் சடுகுடுவில் சூரன். வேஷத்துக்குக் கரியால் பெரிய மீசை வரைந்துகொண்டான்.

விழா அன்று பவளம் முன்வரிசையில் இடம் பிடித்துவிட்டாள். "எம்பொண்ணு பேசப்போவுது" என்று அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொன்னாள். மேடையில் அம்முலு அம்மா பக்கமே திரும்பாமல் கை கோர்த்து நின்றாள்.

இருசப்பன் கால்சட்டைப் பையில் கை விட்டான். பை காலி! பயத்தில், மேடைக்குப் பின்னாலேயே எல்லாக் கமர்கட்டையும் தின்று தீர்த்திருந்தான். கூடவே வசனத்தையும் விழுங்கிவிட்டான் போலிருக்கிறது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. கண்ணீர் வழிந்து மீசை கரைந்தது. கூட்டம் சிரித்தது.

அம்முலுவுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவனுக்கு மறக்கவே மறக்காத வார்த்தை ஒன்று உண்டே!

"டேய், சடுகுடு பாட்றா" என்று கிசுகிசுத்தாள்.

இருசப்பன் முகம் மலர்ந்தது. "சடுகுடு சடுகுடு சடுகுடு..." என்று வட்டத்தை முட்டினான். கோர்த்த கைகள் நழுவப் பார்த்தன. மற்ற பிள்ளைகள் விடுவதா, பிடிப்பதா என்று விழித்தார்கள்.

அம்முலு ஊமை வேஷத்தை மறந்தாள். "கமர்கட் இல்லாம வயி கெடியாது! புடிங்க அவன் காலை!" என்று மைக் அதிரக் கத்தினாள்.

ஐந்து செல்களும் அவன்மேல் விழுந்தன. இருசப்பன் மூச்சை விட்டான். "அவுட்டு!" என்று ஊரே கூவியது.

டாக்டர் வேஷம் போட்ட வேதகிரி ஓடி வந்து, "நோய் எங்க?" என்றான்.

"இங்கதான், எங்க அடியில கீது டாக்டர்!" என்றாள் அம்முலு. கைதட்டல் அடங்கவே இல்லை.

"நான் எழுதுனது இது இல்ல" என்று டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "ஆனா நெஜத்துலயும் அந்த செல்லுங்க இப்படிப் பிடிச்சு வச்சா எவ்ளோ நல்லாயிருக்கும்!"

"பாத்தியா, எம்பொண்ணு பேசுச்சு!" என்று பவளம் பூரித்துப்போனாள்.

மறுநாள் பள்ளி வாசலில் ஐவரும் கை கோர்த்து நின்று வழியை மறித்தார்கள். இருசப்பன் ஒரு கமர்கட்டை நீட்டினான்.

"நேத்து காப்பாத்துனதுக்கு. வயி வுடு."

அம்முலு அதை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, மறுபடியும் கை கோர்த்துக்கொண்டாள்.