கோசிகாவின் சூரிய வண்டி

கோசிகாவின் வண்டி மட்டும் அசையவில்லை.

சட்டன் பூங்காவில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் சூரிய வண்டிப் போட்டி. முதல் ஓட்டத்தில் மற்ற வண்டிகள் கிர்ரென்று கிளம்பின. அவளுடையது கல்லுப் பிள்ளையார் மாதிரி இருந்த இடத்திலேயே இருந்தது.

"உன்ர கார் நித்திரையோ?" என்று அவளுடைய வகுப்புத் தோழன் டினேஷ் சிரித்தான். "ஒரு கோப்பி வாங்கிக் குடு!"

"இன்னும் ஒரு ஓட்டம் இருக்கு," என்றாள் கோசிகா. கோடை முழுவதும் அவளே வெட்டி ஒட்டிச் செய்த வண்டி.

வண்டியைத் தூக்கிப் பார்த்தாள். சக்கரம் சுழன்றது. வயர் இறுக்கமாக இருந்தது. வெயிலும் நன்றாக எறித்தது. மேலே இருந்த சூரியத் தகட்டில் மட்டும், தடித்த சந்தனப் பொட்டு ஒன்று. நடுவில் குங்குமம்.

"அப்பா, நீங்களோ வைச்சது?"

"ஓம் பிள்ளை," என்றார் பக்கத்தில் நின்ற அப்பா சபாரத்தினம். "புதுசா எது வந்தாலும் அம்மா பொட்டு வைப்பாவெல்லே. அவ இல்லையெண்டு அதை விடேலுமோ?"

பொட்டைத் துடைக்க விரலைக் கொண்டுபோன கோசிகா நிறுத்தினாள். துடைத்தால் அப்பாவின் முகம் வாடும். துடைக்காவிட்டால் வண்டி ஓடாது.

"அப்பா, இந்தத் தகட்டில வெயில் பட்டா, உள்ளுக்கு இருக்கிற இலத்திரன் எண்ட குட்டித் துகள்கள் ஓடத் தொடங்கும். அந்த ஓட்டம்தான் மின்சாரம். இந்தக் கட்டங்கள் எல்லாம் வரிசையாக் கோத்திருக்கு. ஒண்டை மூடினா, மற்றதுகளும் மறிபட்டு நிண்டிடும்."

"ஐயோ, நானே கெடுத்துப்போட்டன்!"

"இல்லையப்பா. எங்கட வான் வண்டிக்கு அம்மா எங்க பொட்டு வைச்சவ?"

"முன்பக்கத்தில."

"அப்ப இதுக்கும் முன்பக்கத்தில!"

சந்தனத்தை வழித்தெடுத்து, வண்டியின் மூக்கில் அப்பாவையே வைக்கச் சொன்னாள். தகட்டைப் பளபளவென்று துடைத்தாள்.

கடைசி ஓட்டம். விசில் ஒலித்தது.

கோசிகாவின் வண்டி பாய்ந்தது! ஒன்றை முந்தியது, இன்னொன்றை முந்தியது, டினேஷின் வண்டியையும் முந்திக்கொண்டு முதலாவதாகக் கோட்டைத் தாண்டியது. தாண்டியும் நிற்கவில்லை.

"இதின்ர சுவிட்ச் எங்க?" என்று கத்தியபடி டினேஷ் பின்னால் ஓடினான்.

"சுவிட்ச் இல்லை! வெயிலை மறை!"

டினேஷ் தன் தொப்பியைக் கழற்றி வண்டியின் மேல் கவிழ்த்தான். வண்டி நின்றது.

"கெட்டிக்காரி!" என்றான் மூச்சு வாங்க.

கோசிகா தொப்பியைத் தூக்கினாள். வண்டி மறுபடியும் கிளம்பி, கைதட்டிக்கொண்டு நின்ற அப்பாவிடம் ஓடியது.